மார்பில் மெடல்: எது முதலில், எது எந்தப் பக்கம்

குடியரசு தினத்தன்று காலையில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என எந்த ஊர் ஆயுதப்படை மைதானத்துக்குப் போனாலும், முன்வரிசையில் மெடல் அணிந்த முன்னாள் படைவீரர்கள் சிலராவது உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் ஒருவருக்கு வரிசை தலைகீழாக இருக்கும். இன்னொருவருக்கு மெடல் புரண்டு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய சட்டை எடை தாங்காமல் தொங்கி, பொத்தான் வரை இழுபடுவதும் உண்டு. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. ஒருவருடைய மெடல் வரிசை அவருடைய பணிப்பதிவேட்டின் சுருக்கம். தெரிந்தவர் நாலடி தூரத்தில் நின்றே அதைப் படித்துவிடுவார்: இவர் 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர், இவர் இலங்கைக்குப் போன அமைதிப்படைக்காரர், இவர் சண்டையில் காயம்பட்டவர். வரிசை மாறினால் அந்தப் பதிவேடே தவறாகப் படிக்கப்படும்.

வரிசை

அரசு மெடல் எதுவானாலும் அதைப் பெற்றவர் இடது மார்பில் அணிவதுதான் விதி. பாரத ரத்னா மட்டும் கழுத்தில், 51 மி.மீ. அகல வெள்ளை ரிப்பன். மற்றவற்றில் உயர்ந்தது சட்டைப் பொத்தான் பக்கம், அதாவது நடு மார்பை ஒட்டி வரும். அடுத்தடுத்தவை இடது கையை நோக்கிப் போகும். எதிரே நிற்பவர் கண்ணுக்கு இது இடமிருந்து வலமாகப் படிப்பதுபோல் அமையும். மெடல் இல்லாமல் ரிப்பன் துண்டுகளை மட்டும் பதித்த ரிப்பன் பாரில் இரண்டு மூன்று வரிசை வந்தால் மேல் வரிசையே உயர்ந்தது.

பெரும்பாலான தவறு கண்ணாடியாலும் செல்போனாலும் வருகிறது. மெடலைக் குத்திவிட்டுக் கண்ணாடியில் பார்க்கிறார்கள். அங்கே இடம் வலம் மாறித் தெரிகிறது. செல்ஃபி கேமராவும் திரையில் அப்படித்தான் காட்டும். அதைப் பார்த்து, சரியாக இருப்பதைக் கழற்றித் தவறாக மாட்டிவிடுகிறார்கள். வீட்டில் ஒருவரை எதிரே நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது பின்பக்கக் கேமராவில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

எது உயர்ந்தது என்பதை மத்திய அரசின் முன்னுரிமைப் பட்டியல் தீர்மானிக்கிறது. எந்த ஆண்டு கிடைத்தது என்பதற்கோ, எது பளபளப்பாக இருக்கிறது என்பதற்கோ இதில் இடம் இல்லை. உச்சியில் பாரத ரத்னா, பரம் வீர் சக்ரா, அசோக சக்ரா, பத்ம விபூஷண், பத்ம பூஷண். அதற்குச் சற்றுக் கீழே மகா வீர் சக்ரா, கீர்த்தி சக்ரா, பத்மஸ்ரீ. இன்னும் கீழே வீர் சக்ரா, சௌர்ய சக்ரா. பிறகு சேனா மெடல், காயம்பட்டவர்களுக்கான பராக்ரம் பதக், போர் நட்சத்திரங்கள், போர்க்கால மெடல்கள், குறிப்பிட்ட பகுதியில் பணியாற்றியதற்கான மெடல்கள், சுதந்திர ஆண்டு நினைவு மெடல்கள், கடைசியில் 30, 20, 9 ஆண்டு நீண்டகாலப் பணி மெடல்கள். பத்ம விருதுகள் இராணுவ வீர விருதுகளோடு ஒரே பட்டியலில் கலந்து வருவது பலருக்கும் தெரியாது. உயிர் காத்தவர்களுக்கான சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்கும் இதே பட்டியலில்தான், பத்மஸ்ரீக்கு அடுத்து வருகிறது. கொள்ளிடத்தில் மூழ்கியவரை மீட்ட சாதாரண ஆளுக்கும் இந்த விருது வரிசை திறந்திருக்கிறது, சீருடை தேவையில்லை.

நம் பக்கத்து ஊர்களில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு வரிசைகளை எடுத்துக்கொள்வோம். 1971 போரில் இருந்து, ஒன்பது ஆண்டு தாண்டி வந்தவருக்கு, பொத்தான் பக்கத்திலிருந்து: கிழக்கு முனைக்கான பூர்வி ஸ்டார் அல்லது மேற்கு முனைக்கான பஸ்சிமி ஸ்டார், அந்தப் போருக்கான சங்க்ராம் மெடல், சைன்ய சேவா மெடல், 25-ஆவது சுதந்திர ஆண்டு மெடல், 9 ஆண்டு மெடல். இலங்கைக்குப் போய்வந்து 1997-க்குப் பிறகு ஓய்வு பெற்றவருக்கு: 'ஸ்ரீலங்கா' பட்டை போட்ட ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், சைன்ய சேவா மெடல், 50-ஆவது சுதந்திர ஆண்டு மெடல், 20 ஆண்டு மெடல், 9 ஆண்டு மெடல். 20 ஆண்டு மெடல் வந்ததும் 9 ஆண்டு மெடலைக் கழற்றிவிடுவது தவறு. இரண்டும் இருக்க வேண்டும்.

ஒரே வீர விருது இரண்டாம் முறை கிடைத்தால் இரண்டாவது மெடல் தொங்காது; முதல் மெடலின் ரிப்பனிலேயே ஒரு பட்டை ஏறும். மென்ஷன் இன் டிஸ்பேட்சஸ், அதாவது போர்க்கள அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படும் பெருமை, பெற்றவருக்குத் தனி மெடலே கிடையாது. அந்தப் போர்க்கால மெடலின் ரிப்பன்மேல் சின்னத் தாமரை இலைச் சின்னம் குத்திக்கொள்வார். அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்து ரிப்பன் மாற்றும்போது தையல்காரர் எடுத்துப் போட்டுவிடுவதுண்டு. எண்ணி வாங்குங்கள்.

ரிப்பனுக்கு இடம் வலம் உண்டு

பெரும்பாலான ரிப்பன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். எப்படிப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. மகா வீர் சக்ராவும் வீர் சக்ராவும் அப்படி இல்லை. முதலாவது பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. இரண்டாவது பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. இரண்டிலும் ஆரஞ்சு இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். எதிரே நிற்பவருக்கு ஆரஞ்சு வலப்பக்கம் தெரிந்தால் சரி.

இது மெடல் கட்டுபவருக்கு மட்டும் சொல்வதில்லை. ஃப்ளெக்ஸ் அடிப்பவருக்கும் சேர்த்துத்தான். கார்கிலில் 1999-ல் வீரமரணம் அடைந்து வீர் சக்ரா பெற்ற மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் இருக்கிறது. அவரைப் போன்றவர்களுக்கு நினைவுநாள் பேனர் வைக்கும்போது, எழுத்துக்கு இடம் வேண்டும் என்று டிசைனர் படத்தை அப்படியே திருப்பிப் போட்டால், மெடல் வலது மார்புக்குப் போய்விடும், ரிப்பன் நிறமும் இடம் மாறிவிடும். அச்சுக்கு அனுப்பும் முன் சட்டைப் பொத்தானைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் இடது பாதிதான் மேலே படிந்திருக்கும். அது மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

அசோக சக்ரா வரிசை மூன்றுக்கும் ரிப்பன் பச்சை. ஆரஞ்சுக் கோடு ஒன்று என்றால் அசோக சக்ரா, இரண்டு என்றால் கீர்த்தி, மூன்று என்றால் சௌர்ய. கடையில் ரிப்பன் வாங்கும்போது கோட்டை எண்ணுங்கள்.

பாரில் கட்டுவது

முழு அளவு மெடலின் ரிப்பன் அகலம் 32 மி.மீ. ஐந்து மெடல் பக்கம் பக்கமாக நிற்க, அவற்றைத் தாங்கும் பார் 16 செ.மீ. வேண்டும். அதற்கு மேல் நீட்டினால் ஒரு முனை அக்குளுக்குள் போய்விடும். ஆகவே ஆறாவது வந்ததும் பாரை நீட்டாமல் மெடல்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைக்க வேண்டும். பொத்தான் பக்கத்து மெடல் முழுதாகத் தெரிந்து எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். அதே 16 செ.மீ.யில் ஆறு மெடல் என்றால் அடுத்தடுத்த ரிப்பன் 25.6 மி.மீ. இடைவெளியில் ஏறும், ஏழு என்றால் ஏறக்குறைய 21 மி.மீ. கண்மதிப்பாகப் போட்டால் கடைசி இரண்டும் நெருக்கியடித்து நிற்கும். பேப்பரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஒரு மெடலுக்கு 15 செ.மீ. ரிப்பன் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய நுனியை மெழுகுவர்த்தியில் காட்டாதீர்கள். நைலான் என்றால் உருகி ஒட்டும். பழைய ரிப்பன் பருத்தியோ பட்டோ என்றால் கருகும். ஓரம் பிரியாமல் நூலால் சுற்றித் தைத்தால் போதும். எல்லா மெடலின் கீழ்விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மேல்விளிம்பை அளந்து கட்டுகிறவர்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். நட்சத்திர மெடலின் வளையமும் வட்ட மெடலின் நேர்ப் பிடியும் ஒரே உயரம் இல்லை. அதனால் கீழிருந்து அளந்து, ரிப்பன் நீளத்தை மெடலுக்கு மெடல் கூட்டிக் குறைக்க வேண்டும்.

கட்டுவதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, மெடல் சும்மா தொங்கி ஆடுவது. மற்றது, பின்னால் கெட்டியான அட்டைத் துணி வைத்து, ரிப்பனை மெடலின் பின்புறம் வரை இறக்கித் தைத்து நிறுத்துவது. இதைக் கோர்ட் மவுண்ட் என்பார்கள். ஆண்டுக்கு மூன்று நாலு முறை மட்டும் அணிபவர்களுக்குக் கோர்ட் மவுண்டே நல்லது. தொங்கும் மெடல்கள் நடக்கும்போது ஒன்றோடொன்று இடித்து விளிம்பு தேய்கிறது. அந்த விளிம்பில்தான் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். வீர விருதுகளின் பிடி சுழலும் வகை, அதனால் தானாகப் புரண்டுவிடும். கோர்ட் மவுண்டில் ஒரு தையல் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஊர்த் தையல்காரரிடமே இதைச் செய்யலாம்: காலருக்கு வைக்கும் பக்ரம் இரண்டு மடிப்பு, பின்னால் வெல்வெட், மேலே இரண்டு முனை ப்ரூச் பின். ஃபெவிகாலும் ஃபெவிகுவிக்கும் கிட்டவே வரக்கூடாது.

வேட்டி சட்டையில், சேலையில்

மெடல் விதிகள் கோட்டுக்கும் யூனிஃபார்முக்கும் எழுதப்பட்டவை. நம் ஊர்ப் பெரியவர்களில் பாதிப்பேர் வெள்ளைச் சட்டை, வேட்டியில்தான் வருவார்கள். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை; மெடல் தொங்கிப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பாப்ளின் சட்டை ஐந்து மெடலின் எடையைத் தாங்காது. சட்டையின் உட்புறம், இடது பாக்கெட்டுக்குச் சற்று மேலே, 18 செ.மீ. நீளம் 6 செ.மீ. அகலத்தில் காடாத்துணியை இரண்டாக மடித்துத் தைத்துவிடுங்கள். பின் இரண்டையும் சேர்த்துக் குத்த வேண்டும். பாக்கெட் காலியாக இருக்கட்டும்: போன், பேனா, மூக்குக்கண்ணாடிக் கூடு எதுவும் வேண்டாம்.

தோளில் துண்டு போடுபவர் அன்று வலது தோளில் போடட்டும். இடது தோள் துண்டு நுனி மெடல்மேல் விழுந்து பாதியை மறைக்கும். எழுந்து சல்யூட் அடிக்கும்போது பின்னில் மாட்டிக் கிழிக்கும். விழாவில் போர்த்தும் சால்வைக்கும் இதே கதைதான். போர்த்தியதும் இடது பக்கத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் படத்துக்கு நில்லுங்கள்.

சேலையில் சிக்கல் வேறு: முந்தானை வருவதே இடது தோளில். ரவிக்கையில் குத்தினால் முந்தானைக்கு அடியில் மறைந்துபோகும். முந்தானையை மடிப்பு வைத்துத் தோளில் ஊக்கு போட்டு இறுக்கிவிட்டு, அந்த மடிப்பு நாலைந்தையும் ரவிக்கையையும் சேர்த்து ப்ரூச் பின்னைக் குத்துங்கள். ரவிக்கையின் உள்ளே காடாத்துணி இருக்கட்டும். ஒற்றை முந்தானை விட்டால் எடைக்குச் சரியும். திருபுவனம் பட்டு என்றால் பின் குத்திய இடம் இழை விட்டுப்போகும். அன்றைக்குக் கைத்தறிப் பருத்திச் சேலையே வசதி.

முழு அளவு மெடலும் மினியேச்சரும் ஒன்றாகப் போகக்கூடாது. மினியேச்சர் பாதி அளவு. இரவு விருந்து உடைக்கு உரியது. பகல் விழாவுக்கு முழு அளவு. ரிப்பன் பார் மட்டும் குத்துவது யூனிஃபார்முக்கு.

எந்த நாள் என்று கேட்டால்: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, முன்னாள் படைவீரர் தினமான ஜனவரி 14 (நமக்கு அது பெரும்பாலும் போகியோ பொங்கலோ ஆகிவிடும்), கார்கில் வெற்றி நாளான ஜூலை 26, கொடிநாளான டிசம்பர் 7, 1971 வெற்றி நாளான டிசம்பர் 16, காவல்துறையினருக்கு அக்டோபர் 21 வீரவணக்க நாள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வேண்டாம்.

பெற்றவர் இல்லாதபோது

அப்பாவின் மெடலை மகன் இடது மார்பில் குத்திக்கொண்டால் அது தனக்குக் கிடைத்தது என்று சொல்வதாகிவிடும். இறந்த வீரரின் நெருங்கிய உறவினர் வலது மார்பில் அணியலாம். போர் நினைவிடத்தில் அஞ்சலி செலுத்தும்போதும், கல்லறையிலும், இறுதி ஊர்வலத்திலும் அணிய இராணுவம் அனுமதி தந்திருக்கிறது. வரிசை அதேதான். உறவே இல்லாதவர், தான் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு சீருடையோ சின்னமோ அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறைக்கு இடமிருக்கிறது.

அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடந்தால் மெடல்களைச் சின்ன மெத்தையில் வைத்துக் கொண்டுபோவார்கள். அதற்கென்று ஒருவரை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மெடலை வாங்குவதும் திருப்பிக் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு. மாலைக் குவியலுக்குள் மெடல் போனால் சுடுகாட்டிலேயே தங்கிவிடும். ஆற்றங்கரை அவசரத்தில் யாருக்கும் நினைவு வராது.

பத்ம விருது, மாநில விருது

பத்ம விருது பெற்றவருக்குக் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சனது எனும் சான்றிதழும் மெடலும் கிடைக்கும். கூடவே ஒரு சின்னப் பிரதியும் தருவார்கள். அரசு விழாக்களில் விருப்பப்பட்டால் அணிவதற்கு அந்தப் பிரதிதான். பெரியதை வீட்டில் பத்திரமாக வைக்கலாம். பாரத ரத்னாவும் பத்ம விருதும் பட்டங்கள் அல்ல, அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவுக்கு முரண் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. பெயருக்கு முன்னோ பின்னோ போடக்கூடாது என்பதும் அதோடு சேர்ந்ததுதான். டெல்டாவில் இது தினமும் மீறப்படுகிறது. கச்சேரி நோட்டீஸிலும் கல்யாணப் பத்திரிகையிலும் வாழ்த்துரை வழங்குபவர் பெயருக்கு முன்னால் 'பத்மஸ்ரீ' நிற்கும். 'பத்மஸ்ரீ விருது பெற்றவர்' என்று பெயருக்குக் கீழே தனி வரியில் போடுங்கள். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1954-ல் பாரத ரத்னா பெற்றார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1967-ல் பத்மஸ்ரீ, 1972-ல் பத்ம பூஷண், 1989-ல் பத்ம விபூஷண், மறைவுக்குப் பின் 2024-ல் பாரத ரத்னா என்று நான்கும் பெற்றவர். பெயருக்கு முன்னால் எதுவும் இல்லாமலே இந்தப் பெயர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. இராணுவத்தில் பெயருக்குப் பின் வீர விருதின் சுருக்கெழுத்து போடுவது வேறு விஷயம். அது அங்கே நடைமுறை.

மாநிலத்தில் முதலமைச்சரின் காவல் பதக்கங்கள் பொங்கலையொட்டியும், அண்ணா பதக்கங்கள் செப்டம்பர் 15-ஐ ஒட்டியும் அறிவிக்கப்படும். வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் குடியரசு தினத்தில். திருந்திய நெல் சாகுபடியில் அதிக விளைச்சல் எடுத்த விவசாயிக்கான நாராயணசாமி நாயுடு விருதிலும் பதக்கம் உண்டு. குடியரசுத் தலைவர் பதக்கமும் முதலமைச்சர் பதக்கமும் இரண்டும் உள்ள காவலர், மத்திய வரிசை முடிந்த பிறகே மாநிலப் பதக்கத்தை வைக்க வேண்டும். சங்கம், கிளப், பள்ளி ஆண்டுவிழா, மாரத்தான் தந்தவை இந்த வரிசையில் வரவே கூடாது. நாகஸ்வர வித்வான்கள் ஆதீனமும் சபாவும் தந்த பதக்கங்களை மேடையில் அணிவது பழைய மரபு, அழகானது. அதே வித்வான் அரசு விழாவுக்குப் போகும்போது அரசு தந்ததை மட்டும் குத்திக்கொள்வது நல்லது.

கெடாமல் வைத்திருக்க

இங்கே மெடலுக்கு முதல் எதிரி நம் பக்தி. ஆயுத பூஜை அன்று மெடலுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். குங்குமம் ரிப்பனில் பட்டால் போகாது. ஈரச் சந்தனம் எழுத்துப் பள்ளத்தில் காய்ந்து உலோகத்தைப் பச்சை பிடிக்கவைக்கும். பெட்டிக்கு வையுங்கள், மெடலுக்கு வேண்டாம். பூஜை அறையிலேயே மாட்டிவைத்தால் கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும்.

வெள்ளிக்கு விபூதி, பித்தளைக்குப் புளி என்ற வீட்டுப் பழக்கத்தை இங்கே காட்டாதீர்கள். விபூதி தேய்த்தால் வெள்ளி மெடலின் நுண் வேலைப்பாடு மழுங்கும். புளியும் பிராஸோவும் வெண்கல மெடலின் பழுப்பை உரித்து மஞ்சளாக்கிவிடும். அது திரும்பி வராது. தங்க முலாம் பூசியதில் முலாமே போய்விடும். சிலை பாலிஷ் போடும் பட்டறையில் கொடுத்து மெஷினில் பஃப் போடுவது எல்லாவற்றிலும் மோசம். ஒரே நிமிடத்தில் விளிம்பிலிருக்கும் பெயர் தேய்ந்துவிடும். 1972-ல் தியாகிகளுக்குக் கொடுத்த தாமிரப் பத்திரத்துக்கும் இதுவே பொருந்தும். வேதாரண்யம் பக்கம் இன்னும் வீடுகளில் இருக்கிறது, புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அணிந்து கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் வியர்வையைத் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று சீக்கிரம் பச்சை பிடிக்கவைக்கும். பொடியாக வந்திருந்தால் பல்குத்தும் மரக்குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். ஊசியும் பிளேடும் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் ரிப்பனில் பூஞ்சை பூக்கும். தனித்தனிப் பருத்திப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, நன்றாக மூடும் டப்பாவில் வையுங்கள். ரப்பர் பேண்டிலும் நியூஸ்பேப்பரிலும் உள்ள இரசாயனம் வெள்ளியைக் கறுக்கவைக்கும், அவை வேண்டாம். ரிப்பன் கறைபட்டால் துவைக்காமல் புதிது மாற்றுங்கள். பழையதை உறையில் போட்டு வையுங்கள். ஃப்ரேம் போட்டால் கண்ணாடிக்கும் மெடலுக்கும் இடையே 5 மி.மீ.யாவது இடைவெளி விடச் சொல்லுங்கள்; பசைக்குப் பதில் நூலால் கட்டச் சொல்லுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்துவைக்கலாம். ஒவ்வொரு மெடலையும் முன், பின், விளிம்பு என்று மூன்று படம் எடுத்து, விளிம்பில் உள்ள எண், பதவி, பெயரைத் தனியே எழுதி, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மெடல் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புத்தகத்தில் இருந்து கையில் இல்லாத மெடல் இருந்தால், அது வராமலே போனதாகவும் இருக்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அந்தந்த ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும்: மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. தொலைந்துபோனது என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதற்கான ரசீதையும் இணையுங்கள். படை எண் இல்லாத விண்ணப்பம் அசையாது. கணவர் பெயரில் மனைவி எழுதும்போது பி.பி.ஓ. எனும் ஓய்வூதிய ஆணையின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.